முத்திரைப் பக்கம்: முதலில் அடையாளம், பிறகு பெறுமதி

கடந்த இதழில், பழைய தபால் முத்திரையின் விலையைத் தேடுவதற்கு முன், அது எந்த முத்திரை என்பதை, முத்திரைகளை விபரங்களோடும் விலையோடும் பட்டியலிடும் நூலாகிய கட்டலொக்கின் துணையோடு உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த வன்னி வாசகர்கள் பலர் கேள்விகளையும் முத்திரைகளின் படங்களையும் அனுப்பியிருக்கிறார்கள். பலமுறை இடம்பெயர்ந்த குடும்பங்களில் தகரப் பெட்டிக்குள்ளும் பால்மா ரின்னுக்குள்ளும் இவை தப்பி வந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் நெகிழ்கிறது. ஆகவே சில பதில்களைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

கேள்வி: தபாலதிபராக இருந்த எனது அப்பப்பாவின் அல்பத்தில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் படமுள்ள இலங்கை முத்திரைகள் இருக்கின்றன. ஸ்ரான்லி கிப்பன்ஸ் கட்டலொக்கில் பார்த்தால் ஒரே படமும் ஒரே பெறுமானமும் (முத்திரையில் அச்சிட்டுள்ள தொகை) ஒரே நிறமும் உள்ள முத்திரைக்கு இரண்டு இலக்கங்களும் இரண்டு விலைகளும் கொடுக்கப்பட்டுள்ளன. எங்களிடம் இருப்பது எது என்பதை எப்படி அறிவது?
வாசகர், கிளிநொச்சி

பதில்: வேறுபாடு தாளுக்குள் இருக்கிறது. அக்காலத்தில் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுக்கான முத்திரைத் தாளைச் செய்யும்போதே அதில் நீர்க்குறி, அதாவது தாளுக்குள் மங்கலாகத் தெரியும் அடையாளம், பதித்துவிடுவார்கள். கிரீடமும் சீ, ஏ என்ற இரண்டு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் தாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் நீர்க்குறி 1904 முதல் வழக்கில் இருந்தது. 1921 முதல் அந்த எழுத்துகள் கையால் எழுதியவை போன்ற சாய்ந்த வடிவத்துக்கு மாறின. ஐந்தாம் ஜோர்ஜின் இலங்கை முத்திரைகளில் 1912 இல் தொடங்கிய வரிசை முதலாவது வகைத் தாளிலும், 1921 இல் தொடங்கிய வரிசை இரண்டாவது வகைத் தாளிலும் அச்சிடப்பட்டன. முத்திரையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டையும் பெரும்பாலும் பிரித்தறிய முடியாது.

கட்டலொக்கைத் திறந்தவுடன் எல்லோருடைய கண்ணும் விலை நிரலுக்கே போகிறது. ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் தலைப்புக் குறிப்பைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். வெளியீட்டு ஆண்டு, நீர்க்குறி, தாளின் வகை, ஓரப் பற்களின் அளவு ஆகியவை அங்கே இருக்கும். அதன் கீழ் இலக்கம், பெறுமானம், நிறம் என்பன வர, இறுதியில் இரண்டு விலைகள் நிற்கும். இடப்பக்கத்து விலை பாவிக்காத முத்திரைக்கும், வலப்பக்கத்து விலை பாவித்த முத்திரைக்கும் உரியவை. தலைப்புக் குறிப்பிலுள்ள எல்லா விபரங்களும் உங்கள் முத்திரையோடு பொருந்திய பின்னரே அந்த வரிசையில் உள்ள விலை உங்கள் முத்திரையைப் பற்றிப் பேசுகிறது.

நீர்க்குறியைப் பார்க்க, முத்திரையைச் சாவணத்தால் எடுத்து, கறுப்பு நிறத் தட்டொன்றில் முகம் கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி சாய்த்துப் பாருங்கள். பல முத்திரைகளில் இதுவே போதும். தெரியாவிட்டால், நீர்க்குறி பார்ப்பதற்கென்றே முத்திரை வியாபாரிகள் விற்கும் திரவத்தில் இரண்டு துளி விடலாம். பெற்றோல் பயன்படுத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தீப்பிடிக்கும் ஆபத்துக்காக மட்டுமன்றி, சில அச்சு மைகளை அது கரைத்துவிடும் என்பதற்காகவும் அதைத் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். தண்ணீரும் எப்போதும் பாதுகாப்பானது அன்று. மேலே சொன்ன ஐந்தாம் ஜோர்ஜ் வரிசைகளின் உயர்ந்த பெறுமானங்களிற் பல, சுண்ணப் பூச்சுள்ள தாளில் அச்சானவை. நனைந்தால் நிறம் கலைந்துவிடும், கலைந்த நிறத்தை எவராலும் மீட்க முடியாது.

இன்னுமொன்று: நீர்க்குறி தலைகீழாகத் தெரிந்தால் அச்சிடும்போது தாள் தலைமாறிச் சென்றிருக்கிறது என்று பொருள். ஸ்ரான்லி கிப்பன்ஸ் இவற்றை அதே இலக்கத்தோடு ஒரு துணை எழுத்தைச் சேர்த்துத் தனியாகப் பட்டியலிடுகிறது. சிலவற்றின் விலை வழமையானதைவிட மிக உயர்வானது. எனவே நீர்க்குறி எந்த வகை என்று கண்டதோடு நிறுத்தாமல், அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறப்பர் மரத்தில் பால் வெட்டும் படமுள்ள 2 சத முத்திரைகள் ஒரு கட்டு என்னிடம் உள்ளன. மாணவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க எண்ணியிருக்கிறேன். அதற்கு முன் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?
ஆசிரியை, மாங்குளம்

பதில்: உண்டு. அவற்றை முதலில் மன்னரின் முகத்தைக் கொண்டு பிரியுங்கள். தாடியுடன் இருப்பவர் ஐந்தாம் ஜோர்ஜ். அம்முத்திரை 1935 ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்தது. தாடியில்லாதவர் ஆறாம் ஜோர்ஜ். அவருடைய வரிசை 1938 இல் தொடங்கியது. இரண்டாவது பிரிவில்தான் கவனம் தேவைப்படுகிறது. ஏனெனில் அந்த 2 சத முத்திரை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு துளையிடும் இயந்திரங்களுக்குச் சென்றதால் பல வகைப் பல்லளவுகளில் கிடைக்கிறது.

முத்திரையின் ஓரத்தில் 2 சென்ரிமீற்றர் நீளத்துக்குள் எத்தனை துளைகள் விழுந்துள்ளன என்பதே பல்லளவு. ‘13½ x 13’ என்று கட்டலொக் எழுதினால், முதல் எண் மேல், கீழ் ஓரங்களுக்கும் இரண்டாவது எண் இடம், வல ஓரங்களுக்கும் உரியது. இதற்கென அளவு அட்டைகள் விற்கப்படுகின்றன. அட்டையில் அச்சிட்ட புள்ளிகளோடு முத்திரையின் துளைகளைப் பொருத்தி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கண்ணை நகர்த்திச் செல்லுங்கள். 13 என்ற வரியில் தொடக்கத்தில் பொருந்திய துளைகள் போகப் போகப் புள்ளியை விட்டு விலகி, கடைசியில் துளை இருக்க வேண்டிய இடத்தில் பல் நின்றால் அது 13 அன்று, 13½. அரைத் துளை வித்தியாசம் என்று அலட்சியம் செய்ய வேண்டாம். இந்த 2 சத முத்திரையில் 13½ x 13 என்ற அளவுடையது, பாவிக்காத நிலையில், மற்றப் பல்லளவுகளைவிடப் பல மடங்கு விலை கூறப்படுகிறது. பாவித்த நிலையிலோ அதே முத்திரை சாதாரண விலைக்கே வருகிறது. இதே வரிசையின் 3 சத சிவனொளிபாதமலை முத்திரையிலும் 50 சத காட்டு யானை முத்திரையிலும் இப்படிப்பட்ட வேறுபாடு உண்டு.

அளந்து பிரித்த பின் எஞ்சியவற்றை மாணவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். அளக்கும் வேலையையே அவர்களிடம் ஒப்படைத்தால் இன்னும் நன்று. பதினைந்து வயதுக் கண்ணுக்கு அரைத் துளை தெளிவாகத் தெரியும். அதே வரிசையில் 30 சத முத்திரை ஒன்று பழைய நீர்ப்பாசனக் குளத்தின் படத்தைத் தாங்கியிருக்கிறது. குளக்கட்டில் நடந்து பள்ளிக்கு வரும் வன்னிப் பிள்ளைகளுக்கு முத்திரை சேகரிப்பைத் தொடங்கிவைக்க அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கட்டலொக்கில் உள்ள பவுண் விலைகளைக் கூட்டி, இன்றைய நாணயமாற்று விகிதத்தால் பெருக்கிப் பார்த்தேன். எனது அல்பத்தின் பெறுமதி பல இலட்சம் ரூபா வருகிறது. இது சரியான கணக்கா?
வாசகர், வவுனியா

பதில்: இந்தக் கணக்கு தரும் தொகையை நம்பி எந்தத் திட்டத்தையும் தீட்டிவிடாதீர்கள். ஸ்ரான்லி கிப்பன்ஸ் ஒரு முத்திரை வியாபார நிறுவனம். 1865 இலிருந்து தன் விலைப்பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதிலுள்ள விலை, நல்ல நிலையிலுள்ள ஒரு முத்திரையை அந்நிறுவனம் வாடிக்கையாளருக்கு விற்கும் விலை. உங்களிடமிருந்து ஒருவர் வாங்கும் விலை அதில் ஒரு பங்காகவே இருக்கும். மலிவான முத்திரைகளுக்கு அந்தப் பங்கும் கிடைக்காது.

அடிமட்ட விலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தக் கட்டலொக்கில் ஆகக் குறைந்த விலையாக 10 பென்ஸ் போடப்பட்டிருக்கும். ஒரு முத்திரையைத் தேடி எடுத்து, பார்த்து, உறையிலிட்டுக் கொடுக்கும் வேலைக்கான கூலி அது. அமெரிக்காவின் ஸ்கொட் கட்டலொக்கும் இவ்வாறே ஓர் அடிமட்ட விலையை வைத்திருக்கிறது. ஆயிரம் சாதாரண முத்திரைகளை 10 பென்ஸ் வீதம் பெருக்கினால் 100 பவுண் என்று தாளில் வரும். அப்படியொரு கட்டை அந்த விலைக்கு வாங்க எவரும் முன்வருவதில்லை.

விலை எந்த நிலைக்கு உரியது என்பதையும் முன்னுரையில் வாசியுங்கள். விக்டோரியா காலம் முதல் ஐந்தாம் ஜோர்ஜ் காலம் வரையான பாவிக்காத முத்திரைகளுக்கு, அல்பத்தில் ஒட்டிய மெல்லிய தடம் பின்புறத்தில் இருக்கலாம் என்ற அடிப்படையில் விலை இடப்பட்டுள்ளது. எட்டாம் எட்வேர்ட் காலத்திலிருந்து, ஒருபோதும் ஒட்டப்படாத, பசை முழுமையாக உள்ள முத்திரைக்கே அந்த விலை. ஆகவே மேலே நான் சொன்ன ஆறாம் ஜோர்ஜின் 2 சத முத்திரை சரியான பல்லளவில் இருந்தாலும், பின்புறத்தில் ஒட்டுத் தடம் இருந்தால் விலை இறங்கும். பல் ஒன்று முறிந்திருந்தாலும், மூலை மடிந்திருந்தாலும், தாள் ஓரிடத்தில் மெலிந்திருந்தாலும் அப்படியே.

ஏலங்களில் உண்மையாக விற்பனையான தொகைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சந்தை நிலவரம் புரியும். கட்டலொக்கின் விலை நிரல் எதற்குத்தான் பயன்படுகிறது என்று நீங்கள் கேட்கலாம். எது அரிது, எது சாதாரணம் என்ற ஒப்பீட்டை அது நம்பகமாகக் காட்டுகிறது. அதற்குப் பத்து ஆண்டுகள் பழைய பதிப்பே போதும். இலக்கங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை, அடையாளக் குறிப்புகளும் அப்படியே இருக்கும். புதிய பதிப்பின் விலை கையைச் சுடும் என்பதால், கொழும்பிலோ லண்டனிலோ உள்ள உறவினரிடம் ஒரு பழைய பதிப்பைத் தேடி அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவின் பெட்டியில் 1930 களிலிருந்து 1980 கள் வரையான கடிதங்கள் உறைகளோடு இருக்கின்றன. முத்திரைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றி, அல்பத்தில் ஒழுங்காக வைக்கலாமா?
வாசகி, முல்லைத்தீவு

பதில்: அருள்கூர்ந்து ஒரு முத்திரையையும் கழற்றாதீர்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பதற்றத்தைத் தந்தது இதுதான்.

உறையிலிருந்து கழற்றப்பட்ட ஒரு சாதாரண முத்திரை, கோடிக்கணக்கான முத்திரைகளில் ஒன்று. உறையோடு இருக்கும்போது அது எங்கிருந்து புறப்பட்டது, எந்த நாளில், எந்த வழியாக, என்ன கட்டணத்தில், யாருடைய கைக்குச் சென்றது என்பதெல்லாம் அதனோடு சேர்ந்து நிற்கின்றன. உறைகளுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை ஸ்ரான்லி கிப்பன்ஸும் ஏற்றுக்கொள்கிறது. 1945 வரையான முத்திரைகள் உறையில் இருந்தால் பாவித்த விலையை எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற அட்டவணையை நாட்டுப் பகுதியின் தொடக்கத்தில் அது தருகிறது. உங்கள் 1930 களின் உறைகளுக்கு அந்த அட்டவணை நேரடியாகப் பொருந்தும்.

தபால் இலச்சினையின் பெறுமதி அந்த அட்டவணையில் அடங்காது. கொழும்பு என்று குத்தப்பட்ட உறைகள் எண்ணிலடங்காமல் இருக்கின்றன. முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், மாங்குளம், துணுக்காய் போன்ற இடங்களிலிருந்து புறப்பட்ட கடிதங்களின் தொகையே குறைவு. அவற்றில் வெள்ளத்துக்கும் கறையானுக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பியவை இன்னும் குறைவு. ஊரின் பெயரும் திகதியும் தெளிவாக விழுந்த இலச்சினை உள்ள உறையைத் தபால் வரலாற்றைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். விற்பதற்கு அல்லாமல் வைத்திருப்பதற்கே நீங்கள் விரும்பினாலும், வன்னியின் தபால் வரலாற்றை நாளை ஒருவர் எழுத முன்வந்தால் அவருக்கு ஆதாரமாக இருக்கப்போவது இந்த உறைகள்தான்.

இலச்சினைத் திகதி இன்னொரு வகையிலும் உதவும். நீங்கள் கட்டலொக்கில் தெரிவுசெய்த வெளியீட்டின் தொடக்கத் திகதிக்கு முந்திய திகதி முத்திரைமேல் குத்தப்பட்டிருந்தால், உங்கள் தெரிவு பிழை, அல்லது இலச்சினை போலி. உறைகளைத் திகதி ஒழுங்கில் அடுக்கி, ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாள் உறையில் இட்டு, உள்ளே உள்ள கடிதத்தையும் பிரிக்காமல் அதனுடனேயே வையுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய காணி உறுதிகளில் அழகான முத்திரைகள் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றை எந்தக் கட்டலொக்கில் தேடுவது?
வாசகர், நெடுங்கேணி

பதில்: அவை முத்திரைத் தீர்வை செலுத்தியதற்கு அடையாளமாக ஒட்டப்பட்டவை, வழமையான தபால் முத்திரைக் கட்டலொக்குகளில் அவை இடம்பெறுவதில்லை. உறுதியிலிருந்து அவற்றை உரிக்க எண்ணவே வேண்டாம். காணி உறுதி கைவசம் இல்லாமல் எத்தனை குடும்பங்கள் அலுவலகங்களுக்கு அலைகின்றன என்பது வன்னியில் உள்ள எவருக்கும் தெரியும். எந்த முத்திரையின் விலையும் சேதமில்லாத ஓர் உறுதிக்கு ஈடாகாது.

இதனோடு தொடர்புடைய ஒரு விடயம். தபாலுக்கும் தீர்வை செலுத்துவதற்கும் பொதுவாகப் பயன்பட்ட இலங்கை முத்திரைகளும் இருந்தன. ஐந்தாம் ஜோர்ஜ் காலத்தில் 1000 ரூபா வரையான பெறுமானங்கள் வெளியாயின. இத்தகைய உயர்ந்த பெறுமானங்களில் பேனாக் கோடோ அலுவலக இறப்பர் முத்திரையோ இருந்தால், அது தீர்வைக்குப் பாவித்தது என்று கொண்டு, தபாலில் பாவித்ததற்குரிய விலையை அதற்குப் பொருத்தக் கூடாது.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள மாமாமார் அனுப்பிய கடிதங்களில் உள்ள சில முத்திரைகளில் நாட்டின் பெயரே புரியவில்லை. சில பெரிய வண்ண முத்திரைகளும் இருக்கின்றன. அவற்றை எப்படித் தேடுவது?
மாணவன், மல்லாவி

பதில்: தம்பி, பல நாடுகள் தம் பெயரைத் தம் மொழியிலேயே அச்சிடுகின்றன. ஹெல்வெற்றியா என்றிருந்தால் சுவிற்சர்லாந்து, நோர்கே என்றிருந்தால் நோர்வே, ஸ்வெறியே என்றிருந்தால் சுவீடன், சுவோமி என்றிருந்தால் பின்லாந்து. நாட்டின் பெயரே இல்லாமல் அரசரின் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் அது பிரித்தானியா. 1840 இல் உலகின் முதலாவது ஒட்டு முத்திரையை வெளியிட்ட நாடு என்பதால் பெயரிடாமல் இருக்கும் வழக்கம் அதற்கு நிலைத்துவிட்டது. நம் நாட்டு முத்திரைகளையும் பெயரைக் கொண்டே காலம் பிரிக்கலாம். ஆங்கிலத்தில் சிலோன் என்று இருந்தால் அது 1972 மே 22 இல் குடியரசாகும் முன் வெளியானது. பெறுமானம் பென்ஸில் இருந்தால், ரூபாவும் சதமும் வழக்குக்கு வந்த 1872 க்கும் முந்தியது.

அச்மன், புஜைரா, உம் அல் கைவைன் போன்ற வளைகுடாச் சிற்றரசுகளின் பெயர்களில் 1960 களிலும் 1970 களின் தொடக்கத்திலும் வெளிவந்த பெரிய முத்திரைகளாக உன்னுடையவை இருந்தால், அவற்றிற் பெரும்பகுதி சேகரிப்பாளருக்கு விற்பதற்கென்றே அச்சிடப்பட்டவை. இலச்சினை குத்தியிருந்தும் பின்னால் பசை அப்படியே இருப்பதைக் கண்டால், அது தபாலில் போகவேயில்லை என்று அறிந்துகொள். விலை குறைவு. ஆனாலும் மீன்களையும் விண்கலங்களையும் பார்த்துப் படிக்க அவை நல்லவை, எறிந்துவிடாதே.

கடிதத்தில் இலக்கம் எழுதும்போது கட்டலொக்கின் பெயரையும் சேர்த்து எழுது. ஸ்ரான்லி கிப்பன்ஸ், அமெரிக்காவின் ஸ்கொட், ஜேர்மனியின் மிஷெல், பிரான்சின் இவேர் ஆகியவை ஒரே முத்திரைக்கு வெவ்வேறு இலக்கங்களைக் கொடுக்கின்றன.

கேள்வி: தமிழகத்தில் அகதியாக இருந்து திரும்பிய உறவினர் ஒருவர் காந்தி படமுள்ள 10 ரூபா இந்திய முத்திரை ஒன்றைத் தந்தார். மிகப் பெறுமதியானது என்கிறார்கள். உண்மையா?
வாசகர், மன்னார்

பதில்: அசலாக இருந்தால் பெறுமதியானதுதான். சுதந்திரத்தின் முதலாம் ஆண்டு நிறைவாகிய 1948 ஓகஸ்ட் 15 இல் 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபா என்ற நான்கு பெறுமானங்களில் காந்தி முத்திரைகள் வெளியாயின. அவற்றைச் சுவிற்சர்லாந்தின் கூர்வொசியே நிறுவனம் அச்சிட்டது. 10 ரூபா முத்திரைக்குப் போலிகள் மிகுதி. பத்து மடங்கு உருப்பெருக்கும் வில்லையால் நெற்றிப் பகுதியைப் பாருங்கள். அசலில் நிறம் மிக நுண்ணிய, ஒரே சீரான மணல் போல் படிந்திருக்கும். இக்காலத்து அச்சில் எடுத்த போலியில், வெவ்வேறு நிறப் புள்ளிகள் தனித்தனியாகவோ சிறு வட்டங்களாகக் கூடியோ தெரியும். அடுத்து பல்லளவைப் பாருங்கள். நான்கு பக்கமும் 11½ ஆக இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் தேறினால், 1869 இல் தொடங்கப்பட்ட லண்டன் ரோயல் பிலாடெலிக் சங்கத்தின் நிபுணர் குழு போன்ற ஓர் அமைப்பின் சான்றிதழைப் பெற்ற பிறகே விலை பேசுங்கள்.

இலங்கை முத்திரைகளிலும் இந்த எச்சரிக்கை தேவைப்படும் இடம் ஒன்றுண்டு. நம் முதலாவது தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் 6 பென்ஸ் பெறுமானத்தில், ஓரத்தில் துளையில்லாமல் வெளியானது. அதே வரிசையில் 1859 இல் வந்த, எண்கோணச் சட்டமுள்ள மங்கிய ரோஜா நிற 4 பென்ஸ் முத்திரையே இலங்கை முத்திரைகளில் மிக உயர்ந்த விலைக்குரியது. பின்னாளில் துளையோடு வந்த முத்திரைகளின் பற்களைக் கத்தரித்து, துளையில்லாதது என்று காட்டும் மோசடி பழமையானது. நான்கு பக்கமும் தாராளமான வெள்ளை ஓரம் இல்லாத ‘துளையில்லா’ முத்திரையை எவர் காட்டினாலும் காசு கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பல முத்திரைகளின் பின்புறத்தில் கபில நிறப் புள்ளிகள் தோன்றுகின்றன. இவற்றைப் போக்க வழி உண்டா?
வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அது ஈரப்பதத்தால் பசையிலும் தாளிலும் பிடிக்கும் பூஞ்சை. வெளிற்றும் இரசாயனங்களால் புள்ளி மங்கினாலும் முத்திரையின் நிறமும் சேர்ந்து மங்கும். தேர்ந்த கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். எனவே புள்ளி விழுந்தவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு உறையில் வையுங்கள்; ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அது பரவும். மாரி தொடங்குமுன் அல்பத்தைச் சிலிக்கா ஜெல் பொதியோடு இறுக மூடும் பெட்டியில் இடுங்கள். அல்பத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தால் பக்கங்கள் ஒன்றையொன்று அழுத்திப் பசை ஒட்டிக்கொள்ளாது. லமினேற் செய்வதும் செலோரேப் ஒட்டுவதும் கூடவே கூடாது. கோடையில் வெயில் நேரே படாத, காற்றோட்டமான இடத்தில் மாதமொருமுறை அல்பத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள்.